எட்டு மணி நேர ஞாபகம்

சீனி வருத்தக்காரரின் கிளினிக் கொப்பியில் மாதத்துக்கு ஓர் எண் விழுகிறது. பெரும்பாலும் வெறும் வயிற்றில் எடுத்தது. அந்த எண்களைத் திகதி வாரியாக அடுக்கிக் கோடு இழுத்துத் தரும் செயலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு முழு மாதம் கிடக்கிறது. அதற்குள் என்ன நடந்தது என்பது கோட்டுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல வழவழவென்று ஓடுகிறது. அபோட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே தரும் ஒரு பக்க அறிக்கை இங்கேதான் வேறுபடுகிறது. மேற்கையின் பின்புறம் ஒட்டிய சென்சர் 14 நாள் அளக்கிறது. அத்தனை நாட்களும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையான ஒரே சட்டத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. நடுக்கோடு வழக்கமான அளவு. அதைச் சுற்றிய பட்டை அகன்றால் அந்த நேரத்தில் சீனி நிலையாக இல்லை. 1987இல் ரொஜர் மாஸியும் சகாக்களும் முன்வைத்த வடிவம் இது. திகதியை விட்டு மணியைப் பிடித்ததே அதன் புத்திசாலித்தனம்: பிற்பகலில் பட்டை கீழே தொங்கினால், காரணம் மாத்திரையா மலையேற்றமா என்று கேட்க இடம் கிடைக்கிறது.

இதே படத்தை வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்லயின் தேயிலைத் தோட்ட வேலைநாளில் வைத்துப் பார்க்க வேண்டும். லிப்ரேயின் முதல் வகையும் இரண்டாம் வகையும் கடைசி எட்டு மணி நேரத்தை மட்டுமே சென்சரில் வைத்திருக்கும். காலை ஆறரைக்கு ஒருவர் போனால் சென்சரைத் தொட்டுவிட்டு, போனை லயத்து வீட்டில் வைத்துவிட்டு, காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக்குப் போகிறார் என்று கொள்வோம். மாலை நாலரைக்குத் திரும்பித் தொட்டால் ஆறரை முதல் எட்டரை வரையான பதிவு அழிந்திருக்கும். விடியலில் தின்ற ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் இரத்தத்தில் ஏறும் நேரம் அதுதான். பன்னிரண்டு வேலைநாட்களில் தொலைவது 24 மணி நேரம். மொத்தத்தில் 93 சதவீதம் பதிவாகிவிடும். அறிக்கைக்குப் போதுமென்று கருதப்படும் அளவு 70 சதவீதம். எனவே அறிக்கை தேறிவிடும்; காலை நேரத்துக்கு மட்டும் வேலையில்லாத நாட்களின் கணக்கே மிஞ்சும். போனை மலைக்குக் கொண்டுபோகலாமே என்றால், போகலாம். தேத்தண்ணி நேரத்தில் ஒரு தடவை தொட்டால் ஓட்டை அடைபடும். ஆனால் வட்டவளைப் பக்கத்து மழையில், இரண்டு கையும் கொழுந்தில் இருக்க, தொடாமல் விட்டதை நோயாளியின் கவனக்குறைவாக எழுதுவது நியாயமில்லை. மூன்றாம் வகைச் சென்சர் 14 நாளையும் நினைவில் வைத்திருக்கிறது. ஆக, முடியாத காரியமல்ல.

நாட்சம்பளக்காரருக்கு இதெல்லாம் எட்டாத விலை என்பதே வலுவான ஆட்சேபம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலையுள்ளது சென்சருக்கு. படத்தின் யோசனைக்கு விலையில்லை. விரலில் குத்திப் பார்க்கும் பட்டி வாரத்துக்கு இரண்டே கிடைத்தாலும், ஒன்றை வெறும் வயிற்றிலும் மற்றதை ஒவ்வொரு வாரமும் வேறொரு வேளையிலும் செலவிடலாம். கொப்பியில் திகதிக் கட்டங்களுக்குப் பதிலாக பிரட்டு, தேத்தண்ணி, பகல் நிறுவை, அந்தி, படுக்கை என்று கட்டம் போட்டால் இரண்டு மாதத்தில் நாளின் உருவம் மங்கலாகவேனும் தெரியும். தூக்கத்தில் சீனி இறங்குவதை இந்தக் காகிதம் பிடிக்காது. இன்சுலின் போடுகிறவருக்கு அது சிறிய குறையல்ல.

தோட்டத்து மக்களுக்கு வரைபடம் புரியுமா என்ற கேள்வியை நான் பெரிதாக எடுப்பதில்லை. எத்தனை கிலோவுக்கு முழுநாள் சம்பளமான முழுப்பேர், எங்கே பாதிச் சம்பளமான அரைப்பேர் என்று தினமும் கணக்குப் பார்க்கிறவர்கள் அவர்கள். என் பயம் எதிர்த்திசையில்: பச்சையும் சிவப்பும் கலந்த திரை பேர் போடும் பதிவேடான செக்ரோல் போல இன்னொன்றாகிவிடும். டெசிலீற்றருக்கு 70 முதல் 180 மில்லிகிராம் எல்லைக்குள் 70 சதவீத நேரம் என்பது 2019இல் சர்வதேச நிபுணர்கள் பரிந்துரைத்த இலக்கு. வயதானவர்களுக்கும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் அவர்களே அதை 50 சதவீதமாகத் தளர்த்தினார்கள். அப்படியான ஒருவரின் 55 சதவீதத்தை 70இன் அளவுகோலில் வைத்து, அரைப்பேர் போட்டதுபோலக் காட்டக் கூடாது.