காத்தோங்கின் துணிவடி காப்பி

சிங்கப்பூரின் காத்தோங்கில் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டோடு நடந்தால் யுரேசியர்களின் தேவாலயம், சீன-மலாய்க் கலப்பு மரபினரான பெரனாக்கான்களின் வீடுகள், மலாய்ச் சாப்பாட்டுக் கடைகள், சற்றே உள்ளே சிலோன் ரோட்டில் இலங்கைத் தமிழர் கட்டிக்காத்த செண்பக விநாயகர் கோயில். இத்தனை பேருக்கும் பொதுவான இடம் காப்பிக்கடை. பழைய கடைக்காரர்களில் பலர் ஹைனான் தீவுச் சீனர்கள். அவர்கள் பிந்தி வந்தவர்கள்; நல்ல தொழில்கள் அதற்குள் முன்னே வந்தவர்கள் வசமிருந்தன. ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமைத்துப் பழகிய கையோடு கடை போட்டார்கள்.

ருசி வறுப்பில் தொடங்குகிறது. ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கரியக் கரிய வறுப்பார்கள். தூளை நீண்ட துணிப்பையில் இட்டு, கொதிநீர் ஊற்றி, ஒரு நீள்மூக்குக் குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வடிப்பார்கள். அந்தக் கை உயர்ந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கும்பகோணம் டிகாக்‌ஷனுக்குப் பழகிய நாக்குக்கு இது முரட்டுக் காப்பி. எனக்கு அந்த முரடுதான் பிடித்திருக்கிறது.

காத்தோங்கில் 1925-இல் தொடங்கிய சின் மீ சின் என்ற காப்பிக்கடை 2018-இல் மூடப்பட்டு, 2021-இல் மீண்டும் திறந்தது. பளிங்கு மேசையும் பூவோட்டுத் தரையும் தப்பியதில் பெரிய மகிழ்ச்சி! வாட்டிய பன்னில் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய காயா; பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, மேலே சோயா சாறும் வெள்ளை மிளகுத் தூளும். காப்பியை அடிவரை கலக்கிவிட்டுக் குடியுங்கள். கெட்டிப்பால் கீழே தங்கியிருக்கும்.