ஊதினால் வரும் எண்

போன வருஷம் ஆபீஸில் மருத்துவப் பரிசோதனை. குழாயை வாயில் வைத்து "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்றார் அங்கிருந்த தம்பி. தாளில் வந்தது: எதிர்பார்க்கும் அளவில் 91 சதவீதம். யார் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "அது மெஷினே போட்டுக்கும் சார்." திரையில் வயது, உயரத்துக்குக் கீழே 'இனம்' என்று ஒரு கட்டம். யாரோ எப்போதோ போட்டு வைத்த டீஃபால்ட். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு டீஃபால்ட் என்றாலே சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தில் தேடிப் படித்ததுதான் லண்டி பிரவுன் 2014இல் எழுதிய 'ப்ரீதிங் ரேஸ் இன்டு த மெஷின்'. ஸ்பைரோமீட்டரின் வரலாறு. 1840களில் லண்டனில் இதை உருவாக்கிய ஜான் ஹட்சின்சன், மாலுமி, போலீஸ்காரர், அச்சுக்கோப்பவர் என்று 2,000 பேருக்கு மேல் ஊதவைத்தார். அவர் ஆட்களைப் பிரித்தது பெரும்பாலும் தொழில்வாரியாக. அமெரிக்கா போனதும் பிரிவு நிறத்துக்கு மாறியது. 1869இல் வெளியான பெஞ்சமின் கூல்டின் ராணுவ அளவீடுகளில் கறுப்பின வீரர்களின் கொள்ளளவு குறைவு. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை கணக்கில் வரவில்லை. வித்தியாசம் பிறவியிலேயே உள்ளது என்று நிலைத்து, பிற்பாடு மெஷினுக்குள் 10-15 சதவீதத் 'திருத்தம்' ஆகிவிட்டது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவர் 3 லிட்டர் ஊதுகிறார். எதிர்பார்ப்பு 4 லிட்டர். 75 சதவீதம், அதாவது பாதிப்பு. 15 சதவீதம் திருத்தினால் எதிர்பார்ப்பு 3.4 லிட்டர், அவர் 88 சதவீதம், நார்மல்! நுரையீரல் அதேதான். 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் கேட்டது இதைத்தான்: கறுப்பினத் தொழிலாளி இழப்பீடு கேட்டால் அவருக்குக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று.

ஒரு சாதாரணக் கருவிக்குள் இவ்வளவு வரலாறு ஒளிந்திருப்பதைக் காட்டுவதுதான் புத்தகத்தின் பலம். என் குறை ஒன்று. புத்தகம் நம்மை நிறுத்துவது பெரும்பாலும் இழப்பீட்டு வாசலில். வேலைக்குச் சேர்க்கும் வாசலும் ஒன்று இருக்கிறதே! அங்கே திருத்தத்தை எடுத்தால் அதே 3 லிட்டர்காரர் 'தகுதியில்லை' என்று திருப்பி அனுப்பப்படலாம். 2023இல் அமெரிக்க மார்பு நோய் சங்கம் இனம் பார்க்காத சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. நல்லதுதான். ஆனால் ஃபார்முலா மாறினாலும் தொழிலாளியை ஊரின் சராசரியோடுதான் ஒப்பிடுகிறோம்.

அவரை அவரோடு ஒப்பிடலாமே? சேர்ந்த நாளில் எவ்வளவு ஊதினார், இன்று எவ்வளவு? வயதுக்குரிய குறைவைக் கழித்தால் மிச்சம் என்ன? இதற்கு இனக் கட்டமே வேண்டாம். நம் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் சேர்ந்த 41சி பிரிவு, ஆபத்தான தொழில்களில் வேலை கொடுக்கும் முன்னும், பிறகு 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும் பரிசோதனை கேட்டது. பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கவும் வழி சொன்னது. கல்குவாரியிலோ நூற்பாலையிலோ இருப்பவருக்கு அந்தப் பழைய தாள்தான் சாட்சி.

அடுத்த முறை ஊதச் சொன்னால் சதவீதத்தோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை லிட்டர் என்று கேட்டு, அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.