தோற்ற மறுநாள் மைதானத்துக்கு வருவது யார்?

தரமணிப் பக்கம் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வளாகத்துக்குள் ஓர் இடம் பிடிப்பதற்காக, ஆறாம் வகுப்பிலேயே கோச்சிங் சென்டரில் சேர்ந்துவிடும் பிள்ளைகள் நாடு முழுக்க உண்டு. சேர்ந்த வாரமே பேட்டும் பந்தும் பரணுக்குப் போய்விடும். படிப்பா, விளையாட்டா என்று கேட்டால் நம் வீடுகளில் பதில் எப்போதோ முடிவாகிவிட்டது.

அந்தப் பதிலை 2024-25 கல்வியாண்டில் சென்னை ஐ.ஐ.டி.யே கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் விளையாட்டு வீரர்களுக்காகக் கூடுதலாக இரண்டு இடங்கள்; அதில் ஒன்று மாணவிகளுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் இருக்க வேண்டும். முந்தைய நான்கு ஆண்டுகளில் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு பதக்கமாவது வென்றிருக்க வேண்டும். வேறு எந்த ஐ.ஐ.டி.யும் அதற்கு முன் இப்படி ஒரு வழியைத் திறந்ததில்லை.

தமிழ்நாட்டில் வேறு வாசல்களும் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்தில் சில இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு. முதலமைச்சர் கோப்பையில் தனிநபர் பிரிவில் முதலிடம் பிடித்தால் ஒரு லட்சம் ரூபாய். "ஓடி ஆடி என்னத்தைக் கண்டே?" என்று கேட்கும் உறவினருக்குச் சொல்ல, எளிய வீட்டுப் பிள்ளைகளிடம் இன்று பதில் இருக்கிறது. இதை மனமார வரவேற்க வேண்டும்.

ஆனால், பரிசும் சீட்டும் ஒரு பிள்ளையை மைதானம்வரை கூட்டிவரும். தோற்ற மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அதே பிள்ளையை எழுப்பி மறுபடி அனுப்புவது எது? பள்ளி விளையாட்டின் வெற்றி தோல்வி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வகுப்பறைக்கும் இதே கேள்விதான்.

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இங்கே உதவும். படம் வரைவதில் தானாகவே ஆசைகொண்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வரைவதும் வரையாததும் அவரவர் இஷ்டம் என்று விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவே இல்லை.

அதனால் பரிசையே குறை சொல்ல முடியாது. 'இதற்காகத்தான் நீ இதைச் செய்கிறாய்' என்று பிள்ளையின் காதில் ஓதும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. சான்றிதழுக்காகவே ஓடியவருக்குச் சீட் கிடைத்ததும் ஓடக் காரணம் தீர்ந்துபோகிறது. சீட் கிடைக்காது என்று தெரிந்தவருக்கோ அதற்கு முன்பே தீர்ந்துபோகிறது. குறுவட்ட அளவிலான நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் எட்டுப் பேர் ஓடினால் ஐந்து பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அந்த ஐந்து பேருக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

நீளம் தாண்டும் மணல்குழி ஓரம் பயிற்சி நேரத்தில் நின்று பார்த்தால் இதற்குப் பாதி விடை கிடைக்கும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்து தாண்டுகிறாள். பி.டி. சார் டேப்பைப் பிடிக்கிறார்: மூன்று மீட்டர் அறுபது. "பலகைக்கு ஒரு சாண் முன்னாடியே கிளம்பிட்டே, ஓட்டத்தை அரையடி முன்னால இருந்து ஆரம்பி" என்கிறார். அவள் செருப்பை அடையாளமாக நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி ஓடுகிறாள். மூன்று மீட்டர் எழுபத்தெட்டு. மாவட்டத்தில் இந்தத் தூரத்துக்குப் பதக்கம் கிடைக்காது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மணலைத் தட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே மூன்றாவது முறைக்கு வரிசையில் போய் நிற்கிறாள். தவறு எங்கே என்று உடனே தெரிந்தது. திருத்த வழி கையில் இருந்தது. திருத்தியதன் பலன் டேப்பில் விழுந்தது.

அதே மாணவிக்குக் கணக்குப் பரீட்சைத் தாள் எப்போது வருகிறது? எழுதி இரண்டு வாரம் கழித்து. அதில் என்ன இருக்கிறது? சிவப்பு மையில் 41, பக்கத்தில் ரேங்க் 27. போன பரீட்சையில் அவளுக்குப் பின்னக் கணக்கே வராது. இந்த முறை பின்னத்தில் எல்லாமே சரி. அதைச் சொல்ல அந்தத் தாளில் இடமே இல்லை. மைதானத்தில் துடிப்பாக இருக்கும் பிள்ளை வகுப்பில் ஏன் சோர்ந்துபோகிறாள் என்று வியப்பதை விட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் அவளுக்கு எந்த அளவுகோலைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஜோன் டூடாவும் ஜான் நிக்கோல்ஸும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் விளையாட்டையும் படிப்பையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து 1992-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நேற்றைய தன்னைவிட இன்று மேம்பட வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள் இரண்டு களத்திலும் அப்படியே நினைத்தார்கள். முயற்சியும் ஆர்வமும் கூட்டாளிகளின் உதவியும்தான் வெற்றி தரும் என்று நம்பினார்கள். அடுத்தவரை முந்துவதையே குறியாகக் கொண்டவர்கள், பிறவித் திறமையே வெற்றி தரும் என்று இரண்டு களத்திலும் நம்பினார்கள். நமக்குத் திறமை இருக்கிறது என்ற எண்ணமும், செய்வதில் கிடைக்கும் மகிழ்ச்சியும் மட்டும் களத்துக்குக் களம் மாறின. ஆக, மைதானத்தில் ஊட்டும் மனப்பாங்கு வகுப்பறைக்கும் நடந்து போக வாய்ப்பிருக்கிறது. பி.டி. பீரியடை வீண் நேரம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நம் ஊர்ப் பிள்ளைகள் இருவரைப் பார்ப்போம். செஸ் வீரர்கள் பிரக்ஞானந்தா, குகேஷ் இருவரும் வேலம்மாள் பள்ளிகளில் படித்தவர்கள். 2022 மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியின் அரையிறுதியில் அனீஷ் கிரியை வென்று பிரக்ஞானந்தா எழுந்தபோது இரவு மணி இரண்டு. காலை 8.45-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும். பதினோராம் வகுப்புப் பரீட்சை. குகேஷ் வேறு வழியில் போனார்: நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளி இல்லை. எல்லா வீட்டுக்கும் இரண்டாவது வழி பொருந்தாது; அதை யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். குகேஷிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் பயின்ற விதத்தை. கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை கணினி செஸ் இன்ஜினைத் தொட வேண்டாம் என்று பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஒதுக்கி வைத்தார். விடையை இயந்திரம் சொல்லாததால், ஒவ்வொரு நிலையையும் சிறுவன் தானே எடைபோட்டு, தானே தவறி, தானே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன் பலனை 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் முடிந்த உலக செஸ் சாம்பியன் போட்டியில் பார்த்தோம். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களுடன், குகேஷ் தோற்றார். அன்று லிஃப்டில் அவரைச் சந்தித்த விஸ்வநாதன் ஆனந்த், எனக்குப் பதினோரு ஆட்டங்கள்தான் மிச்சமிருந்தன, உனக்குப் பதின்மூன்று இருக்கின்றன என்று சொன்னதாகக் குகேஷே பின்னர் சொன்னார். 2010-ல் சோபியாவில் முதல் ஆட்டத்தைத் தோற்றும் பட்டத்தைக் காத்தவர் ஆனந்த். அந்தப் பேச்சில் பட்டத்தின் பெயர் வரவில்லை, பரிசுத் தொகை வரவில்லை. அடுத்து ஆட வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் வந்தது. தோற்று மீண்ட மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதும் வந்தது. மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் சமன் செய்தார். பதினொன்றில் முன்னிலை, பன்னிரண்டில் எதிராளி திங் லிரன் மீண்டும் சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தில், டிராவை நோக்கி நகர்வதுபோல் தெரிந்த நிலையிலும் குகேஷ் கறுப்புக் காய்களுடன் அழுத்திக்கொண்டே இருந்தார். திங் தவறினார். 18 வயதில் உலக சாம்பியன்.

மனிதரை உள்ளிருந்து இயக்குவன மூன்று என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் சொல்கிறார்கள்: நாமே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நமக்கு ஆள் இருக்கிறது என்ற உணர்வு. மேலே பார்த்த மணல்குழியிலும் சிங்கப்பூரிலும் இவைதான் வேலை செய்தன. இவற்றைப் பள்ளிக்குள் கொண்டுவரப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

முதலில், பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுப்பதை நிறுத்த வேண்டும். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே இதைக் கேட்டுக்கொண்டார். நடக்க வேண்டியது பள்ளிகளில். அடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு: ஓடிய நேரம், தாண்டிய தூரம், எல்லாம் அவரவர் பழைய அளவோடு ஒப்பிட்டு. கணக்கு டீச்சரும் அதே நோட்டில், போன மாதம் வராத எந்தக் கணக்கு இந்த மாதம் வந்தது என்று ஒரு வரி எழுதட்டும். மூன்றாவது, எந்த விளையாட்டு என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். உயரமாக இருக்கிறான் என்பதற்காகவே வாலிபாலில் தள்ள வேண்டாம். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வந்தால் மைதானத்துக்குப் பூட்டு என்ற வழக்கத்தையும் பெற்றோர் கைவிட வேண்டும். வாரத்தில் நாலு மணி நேர ஓட்டத்தால் எந்த மதிப்பெண்ணும் பறிபோய்விடாது.

பள்ளிகள் கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கட்டும், அதில் பெருமை இருக்கிறது. கூடவே இன்னொரு கணக்கையும் தலைமையாசிரியர்கள் எடுக்க வேண்டும்: குறுவட்டப் போட்டியில் தோற்றவர்களில் எத்தனை பேர் மறுநாள் பயிற்சிக்கு வந்தார்கள்? பரீட்சையில் தவறியவர்களில் எத்தனை பேர் மறுநாள் கை தூக்கிச் சந்தேகம் கேட்டார்கள்? இந்த இரண்டு எண்ணும் ஏறினால், கோப்பைகளும் ஐ.ஐ.டி. இடங்களும் தாமாக வரும். வராமல் போனாலும் அந்தப் பள்ளி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.