தாய்மைக் கணக்கில் ஒரு பொருந்தா ஒப்பீடு

சிறுநீரகம் மாற்றப்பெற்ற பெண் தாயாகலாமா? இக்கேள்வி எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுக்கட்டுரை ஒன்று உண்டு. நேகா தேஷ்பாண்டே குழுவினர் 2011இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் டிரான்ஸ்பிளான்டேஷன்' இதழில் வெளியிட்டது அது. 2000 முதல் 2010 வரை வெளிவந்த ஆய்வுகளுள் 50ஐத் தேர்ந்தெடுத்து, 3,570 பெண்களின் 4,706 கருத்தரிப்புகளை ஒன்றுசேர்த்திருக்கிறார்கள். உழைப்பு பெரிது, குறைசொல்வதற்கில்லை. ஆனால் அதிலுள்ள ஓர் எண்ணைச் சற்று நின்று பாருங்கள்.

இப்பெண்களின் கருக்களில் நூற்றுக்கு 73.5 உயிருள்ள குழந்தைகளாகப் பிறந்தன. அமெரிக்கப் பொதுமக்களிடமோ இது 66.7தான். அப்படியானால், பிறர் சிறுநீரகத்தோடு வாழ்பவள் நோயில்லாதவளைவிடத் தாய்மைக்கு ஏற்றவளா?

இல்லை. பொதுமக்கள் கணக்கில் தானாக நேர்ந்த கருச்சிதைவு 17.1. அதை 66.7உடன் கூட்டினால் 83.8 வருகிறது. மீதி 16 எங்கே போயிற்று? அதில் மிகப் பெரும்பகுதி, வேண்டாமென்று கலைத்துக்கொண்ட கருக்கள். சிறுநீரகம் பெற்றவர்களிலோ பலர் மருத்துவரைக் கேட்டு, மருந்தை மாற்றி, காத்திருந்து கருவுற்றவர்கள். விரும்பிச் சுமந்த கருவையும் விரும்பாத கருவையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? நல்லபடி முடிந்ததை எழுதி வெளியிடும் ஆர்வம், மோசமாக முடிந்ததில் மருத்துவர்களுக்கும் இருப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

அதே கட்டுரையின் மற்ற எண்களைப் பாருங்கள். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறித் தாயையும் சேயையும் வருத்தும் முன்சூல்வலிப்பு 27 விழுக்காடு, பொதுமக்களிடம் 3.8. குறைமாதப் பிறப்பு 45.6, பொதுமக்களிடம் 12.5. குழந்தையின் சராசரி எடை 2,420 கிராம். இங்கே இடைவெளி மிகப் பெரிது. ஒப்பீட்டின் குறையால் மட்டும் இது வந்துவிடாது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இரத்தத்தை வடிகட்ட வேண்டியிருக்கிறது. இவர்களிடம் அந்தச் சுமையை ஏற்பது ஒற்றைச் சிறுநீரகம். கட்டுரையாசிரியர்களும் சிக்கல்கள் அதிகமென்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். எடுத்தாள்வோர்தாம் 73.5ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அறுவைக்கும் கருத்தரிப்புக்கும் இடையே காலம் குறைந்தால் சிக்கல் கூடுகிறது என்ற முடிவும் அதில் இருக்கிறது. ஆனால் அது ஆய்வுகளின் சராசரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டது. தனித்தனிப் பெண்களை ஒப்பிட்டதன்று. ஓராண்டாவது காத்திருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணங்கள் உண்டு. உடல் புதிய உறுப்பை நிராகரிக்கும் அபாயம் முதல் ஆண்டில்தான் மிகுதி. மருந்தின் அளவும் அப்போது அதிகம்.

1958இல் இத்தகைய தாய் ஒருத்தி முதன்முதலாகக் குழந்தை பெற்றாள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒத்த இரட்டையரான சகோதரியிடமிருந்து சிறுநீரகம் பெற்றவள் அவள். ஆகவே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தே அவளுக்குத் தேவைப்படவில்லை. அந்த வெற்றியை மருந்துண்ணும் மற்றவர்களுக்கு அப்படியே பொருத்திக் காட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

உங்கள் வீட்டில் இப்படியொரு பெண் இருந்தால், 73.5ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். அவளுடைய இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு, சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று அவளுடைய மருத்துவரிடம் கேளுங்கள். மைகோபினோலேட் உண்பவளானால், அது கருவைக் கெடுக்கக்கூடியது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே மருத்துவர் அதை நிறுத்தி வேறு மருந்து தரவேண்டும். தானாக நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும்.