எந்த ஊட்டுப் புள்ள?

எங்கள் ஆத்தூர்ப் பக்கம் தெருவில் புதுப் பையன் யாராவது தென்பட்டால் பெரியவர்கள் முதலில் பெயரைக் கேட்பதில்லை. “எந்த ஊட்டுப் புள்ள சாமி நீயி?” என்பதுதான் முதல் கேள்வி. வீடு தெரிந்துவிட்டால் பாதி தெரிந்த மாதிரி. கணினித் திரையில் இதே கேள்விக்குக் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டு வரும் ஓர் அட்டவணைப் பத்தியை நான் தினமும் பார்க்கிறேன். அதன் அழகைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மாடி அறையில் உட்கார்ந்து 9 அமேசான் கிளவுட் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சோதனைக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, பழைய வாடிக்கையாளருக்கு ஒன்று என்று சேர்ந்துபோனவை. புதுக் கணக்கு எதிலும் 17 ரீஜியன்கள் தாமாகவே திறந்திருக்கும். 2016இல் வந்த மும்பை அதில் உண்டு. 2022இல் வந்த ஹைதராபாத்தை நாமாகப் போய்த் திறக்க வேண்டும். எந்த மெஷினோடும் சேராமல் சும்மா கிடந்து வாடகை ஏற்றும் டிஸ்க்குகளைத் தேட வேண்டுமென்றால், 9 கணக்கு, 17 ரீஜியன்: 153 இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். அமேசானின் சொந்தக் கட்டளைக் கருவியில் புரொஃபைல் மாற்றி மாற்றி லூப் எழுதித்தான் பல காலம் ஓட்டினேன். அதில் ஒரு குறை உண்டு. டிஸ்க் பட்டியல் கேட்டால் வரும் பதிலில் அளவு இருக்கும், நிலை இருக்கும், பிறந்த தேதி இருக்கும். எந்தக் கணக்கின் டிஸ்க் என்பது மட்டும் இருக்காது. கேட்டவனுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. ஒரு கணக்கு வரை அது சரி. ஒன்பதையும் ஒரே கோப்பில் கொட்டினால் வீடு தெரியாத பிள்ளைகள்தான் மிஞ்சும்.

2021இல் டர்பாட் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம்பைப் இங்கேதான் மனதைத் தொடுகிறது. கிளவுடில் உள்ளதையெல்லாம் எஸ்க்யூஎல் அட்டவணைகளாகக் காட்டும் கருவி அது. செலக்ட் என்று தொடங்கி அக்கவுண்ட் ஐடி, ரீஜியன், வால்யூம் ஐடி, சைஸ் என்று நான்கு பத்தி கேட்டு, ஸ்டேட் ‘அவெய்லபிள்’ ஆக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தால் போதும். ஒன்பது கணக்கும் ஒரே அட்டவணையில் வந்து இறங்கும். முதல் பத்தியைப் பாருங்கள்: ஒவ்வொரு வரியிலும் 12 இலக்கக் கணக்கு எண். அமேசான் பதிலில் இல்லாத அந்த எண்ணைக் கருவியே சேர்த்துக் கொடுக்கிறது. ஒன்றாகச் சேர்க்கவும் செய்கிறது, யாருடையது என்பதையும் தொலைக்கவில்லை. கூட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஒன்றாகச் சேர்க்கும் அந்த இணைப்புக்கு அக்ரிகேட்டர் என்று பெயர். அமைப்புக் கோப்பில் நாலைந்து வரிதான். உறுப்பினர் பட்டியலில் ஒன்பது பெயரையும் எழுத வேண்டியதில்லை. ‘ஏடபிள்யூஎஸ்’ என்று எழுதி, ஓர் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அந்த எழுத்தில் தொடங்கும் இணைப்பெல்லாம் உள்ளே. நாளைக்குப் பத்தாவது கணக்கு வந்தால் அதற்குப் பெயர் வைத்தவுடனேயே பந்தியில் இலை போட்டாயிற்று.

உள்ளே எந்தத் தகவலும் நிரந்தரமாகச் சேமித்து வைக்கப்படவில்லை என்பது இன்னொரு நயம். அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். வெளியே இருக்கும் சரக்கைத் தன் அட்டவணை போலக் காட்டும் வசதி அதற்கு 2011இல், 9.1 பதிப்பில் வந்தது. நாம் கேட்கும் நேரத்தில்தான் அமேசானிடம் ஆள் போகிறது. மும்பை மட்டும் போதும் என்று நிபந்தனை வைத்தால் மற்ற ரீஜியன்களின் கதவைத் தட்டுவதே இல்லை.

எனக்கு ஆகப் பிடித்தது ‘ஹைட்ரேட்’ என்று அவர்கள் வைத்திருக்கும் சொல். எஸ்3 பக்கெட்டுகளின் பட்டியலைக் கேட்டால் பெயரும் பிறந்த தேதியும் உடனே வந்துவிடும். என்கிரிப்ஷன் உண்டா, வெர்ஷனிங் உண்டா என்பதற்கு ஒவ்வொரு பக்கெட்டையும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும். அந்தப் பத்திகளை நாம் கேட்டால்தான் கருவி அந்த நடை நடக்கிறது. உலர்ந்த வரிக்குத் தண்ணீர் காட்டி உப்பவைப்பது என்று பொருள். மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி மில்லுமாக வாழும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். மூட்டையை அப்படியே அண்டாவில் கொட்டி ஊறப்போடுகிறோமா? இன்றைய பாயசத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான். எல்லாப் பத்தியும் வேண்டும் என்று செலக்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுகிறவர் மூட்டையையே ஊறப்போடுகிறார். வரிகள் வரத் தாமதமாகும், சில நேரம் அமேசானே ‘மெதுவாகக் கேள்’ என்று நிறுத்திவைக்கும். இணைப்புப் பெயரில் அவ்வளவு வேலையை மிச்சம் பிடித்த அதே நட்சத்திரம்தான், செலக்டுக்குப் பக்கத்தில் வந்தால் அவ்வளவு வேலை வைக்கிறது.

ஒருமுறை வந்த பதிலைக் கருவி 5 நிமிடம் நினைவில் வைத்துக்கொள்ளும். கேள்வியைத் திருத்தித் திருத்திப் பார்க்கிற கைக்கு அந்த 5 நிமிடம் பெரிய சலுகை.

இரண்டு கணக்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை அந்த டிஸ்க் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நட்சத்திரம் வேண்டாம், நான்கு பத்தி போதும். அக்கவுண்ட் ஐடியை முதலில் எழுதுங்கள்.