ஒரு பாக்கெட்டும் சிந்தாமல்

நெரிசல் வந்தால் பாக்கெட்டைத் தொலைத்துவிடுவது ஈதர்நெட்டின் பிறவிக் குணம். டிசிபி சமாளித்துக்கொள்ளும். ஒரு கணினி இன்னொன்றின் நினைவகத்தை நேரடியாக அணுகும் ஆர்டிஎம்ஏ அப்படியல்ல; ஒன்று தொலைந்தால், அதற்குப் பின்னால் போன அத்தனையையும் திரும்ப அனுப்பும் நெட்வொர்க் கார்டுகள் பல.

அதற்காகத்தான் பிஎஃப்சி என்னும் முன்னுரிமைவாரி நிறுத்த முறை. போக்குவரத்தை 8 முன்னுரிமைகளாகப் பிரித்து, பஃபர் வரம்பைத் தொட்டதும் அந்த ஒரு வகையை மட்டும் ‘நிறுத்து’ என்கிறது. அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் வழியில் இருப்பவை வந்து இறங்குமே! அவற்றுக்குத் தனி இடம் வேண்டும். கேபிளின் நீளம், போர்ட்டின் வேகம் பார்த்து அதை அளந்து ஒதுக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. 3 மீட்டருக்குப் போதுமானது 300 மீட்டருக்குப் போதாது.

ஆனால் நிறுத்தம் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குத் தொற்றும். பழுதான ஒரே கார்டு வலையமைப்பையே உறைய வைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016இல் எழுதினார்கள். ஆகவே தேர்ந்தவர்கள், நெரிசலைப் பாக்கெட்டில் குறியிட்டு அறிவிக்கும் இசிஎன்னின் வரம்பைத் தாழ்த்தி வைத்து, அனுப்புகிறவரை முன்னதாகவே மெதுவாக்குகிறார்கள். அப்படியும் நிறுத்தம் நீண்டால், அதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் அந்த வரிசையை மட்டும் கைவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுகிறது.