பாராட்டை வசவாக்கிய வேலை

மம்சாபுரம் பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடந்தால் பந்தைவிட வாய்தான் வேகம். லாங் ஆனில் நிற்கிற பையன் கைக்கு வந்த கேட்ச்சை விட்டால் "ஜான்டி ரோட்ஸுடா!" என்று ஃபீல்டிங்கில் பேர் போனவரின் பெயரில் ஒரு சத்தம். நாலு பந்து தட்டுத் தடுமாறினால் "த்ரீ-டி பிளேயரு, அடிச்சிருவாரு!" என்று இன்னொன்று. அந்த 'த்ரீ-டி' நம் பக்கத்து ஊரான திருநெல்வேலியில் பிறந்த விஜய் சங்கர். அவருக்கு நடந்தது அநியாயம்.

2019 உலகக் கோப்பைக்கான இந்திய அணியில் அம்பத்தி ராயுடுவை விட்டுவிட்டு விஜய் சங்கரை எடுத்தார்கள். பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என மூன்று பரிமாணம் உள்ளவர் என்று காரணம் சொன்னார் தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே.பிரசாத். மறுநாளே, உலகக் கோப்பை பார்க்க முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக ராயுடு ட்விட்டரில் எழுதினார். அவர் கோபம் தேர்வுக் குழு மீது, அது நியாயமும்கூட. காயம் பட்டதோ தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளாத ஒரு மனிதனுக்கு.

சரி, களத்தில் என்ன செய்தார்? ஜூன் 16, மான்செஸ்டர், பாகிஸ்தான் ஆட்டம். புவனேஷ்வர் குமார் தன் மூன்றாவது ஓவரில் நாலு பந்து போட்டதும் தசைப்பிடிப்பால் வெளியேறினார். மிச்சம் இரண்டு பந்து. கேப்டன் கோலி பந்தை விஜய் சங்கரிடம் கொடுத்தார். உலகக் கோப்பையில் அவர் போட்ட முதல் பந்திலேயே இமாம் உல் ஹக் எல்.பி.டபிள்யூ. பிறகு சர்ஃபராஸ் அகமதுவின் ஸ்டம்பையும் சாய்த்து, 22 ரன்னுக்கு 2 விக்கெட். மேகம் மூடிய இங்கிலாந்தில் மிதவேகம் போட ஒரு பேட்ஸ்மேன் வேண்டும் என்றுதானே எடுத்தார்கள்? அந்தக் கணக்கு அன்றைக்குச் சரியாக இருந்தது. மட்டை பெரிதாகப் பேசவில்லை என்பதும் உண்மை: 15, 29, 14. அதற்குள் கால்விரல் காயம், ஊர் திரும்பினார்.

பட்டப்பெயர் மட்டும் விட்டுப் போகவில்லை. 2023 ஐ.பி.எல்.லில் கொல்கத்தாவுக்கு எதிராக 24 பந்தில் 63 அடித்தபோதும் கூடவே வந்தது. அன்று கொல்கத்தாவின் ரிங்கு சிங் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் விளாசியதால் அந்த 63-ஐ நினைவில் வைத்திருப்பவர் குறைவு.

வஞ்சப்புகழ்ச்சி நமக்குப் புதிதல்ல. தொண்டைமானின் படைக்கலங்கள் போர் காணாமல் பளபளப்பதைச் சுட்டி, பாராட்டுவதுபோல ஔவையார் புகழ்ந்தது புறநானூற்றில் இருக்கிறது. ஆனால் ஔவையார் குத்தியது படை வைத்திருந்த ஒரு மன்னனை. நாம் குத்துவது அடுத்த பந்தை எதிர்பார்த்து நிற்கும் ஒருவனை. கேலிக்குப் பயந்தவன் அடுத்த கேட்ச்சுக்கு ஓடவே மாட்டான். பந்து தன் பக்கம் வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வான்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மைதானங்களில் கூடுகிற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பொடியன் கேட்ச்சை விட்டால் ஜான்டி ரோட்ஸைக் கூப்பிடாதீர்கள். அவன் பெயரைச் சொல்லி, "விடுடா, அடுத்ததைப் பிடி" என்று சொல்லுங்கள்.